ஒரு சிட்டிகை பழைய உப்பு

பிப்ரவரி 11, 2025

மறுபடியும் திரிந்துவிட்டது! மரக்காணத்திலிருந்து அம்மா அனுப்பிய உப்பளத் தண்ணீர். அதில் ஜிப்சம் நானோ துகள்களாகப் பிறந்து, மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பார்ப்பதுதான் என் பிஎச்டி. வடிகட்டி மெஷினில் வைப்பதற்குள் கொத்துக் கொத்தாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடுகிறது. கைடு எட்டிப் பார்த்தார். "மேரிசெல்வி, பாட்டில் கழுவத் தெரியாதா? உப்பளத்துல வேலை செய்யற மாதிரியே லேப்லயும் செய்யறீங்க." எல்லோர் முன்னாலும்.

பிப்ரவரி 12

எல்லா பாட்டிலையும் மூன்று தடவை கழுவிக் காயவைத்தேன்.

பிப்ரவரி 19

திரிந்த பாட்டில்களை விட்டுவிட்டு நல்லதை மட்டும் கமிட்டிக்குக் காட்டச் சொல்கிறார் கைடு. இல்லாவிட்டால் பிஎச்டி கால நீட்டிப்புக்குக் கையெழுத்து போட மாட்டாராம். ஏன் மறைக்கணும்? திரிஞ்சது நிஜந்தானே?

பிப்ரவரி 22

போன மாதம் நானே பிடித்து வந்த தண்ணீர் திரியவில்லை. பக்கத்துப் பாத்தி இருசப்பன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற அம்மாவின் கேன் மட்டும்தான் திரிகிறது. ஏன்?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அம்மா கேனை நிரப்பினாள். மூடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, போன வருஷத்து உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே போட்டாள். சீசனுக்கு முதல் தண்ணீர் கட்டும்போது பாத்தியில் பழைய உப்பு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதுக்காக கேனுக்குமா?

"அளத்துல இருந்து தண்ணி வெறுமனே போவக் கூடாதும்மா."

கத்திவிட்டேன். உப்பு கரைந்தாலும் அதில் ஒட்டியிருக்கிற ஜிப்சம் துணுக்குகள் கரையாது. பொடிப்பொடியாக வடிகட்டியையும் தாண்டிவிடும். புதிதாகப் பிறக்கிற துகளெல்லாம் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். "என் படிப்பையே கெடுத்துட்டியே!" அம்மா கேனைப் பாத்தியிலேயே கவிழ்த்தாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. கழுவத் தெரியாதவள் என்று சொன்ன ஆளிடம் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் என்ன வீரம்?

மார்ச் 6

நான் பிடித்து வந்ததில் மீதியிருந்த நல்ல தண்ணீரை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் பழைய உப்பு போட்டேன், மற்றதில் போடவில்லை. போட்டது அரை மணியில் திரிந்தது. மற்றது தெளிவாகவே நின்றது. என் பாட்டில் சுத்தம்தான்! கைடிடம் காட்டினேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 14

கமிட்டியில் கைடு கூசாமல் சொல்கிறார்: "பழைய உப்பை விதையா போட்டுப் பார்க்கலாம்னு நான்தான் ஐடியா குடுத்தேன்."

எழுந்து நின்றேன். "இல்ல சார். போட்டது எங்கம்மா. நீங்க அந்த பாட்டிலையெல்லாம் விட்டுடச் சொன்னீங்க."

சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 27

கமிட்டி இன்னொரு வருஷம் கொடுத்துவிட்டது. கைடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசவே வேண்டாம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ரெண்டு கேன் அனுப்பும்மா. ஒண்ணுல உப்பு போடு, ஒண்ணுல போடாத."

அம்மா சொன்னாள்:

"போடாத கேன இருசப்பன ரொப்பச் சொல்றேன். என் கையால வெறுந்தண்ணி அனுப்ப மாட்டேன்."