எட்டாம் வகுப்பு, லிட்மஸ் பாடம்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஆலங்குடி பஸ்ஸில் நின்றபடியே பயணம். நாளை என் பி.எட். கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து என் வகுப்பைப் பார்க்கிறார். மார்க் அவர் கையில்.

வேலைகள்: சார்ட். பாடக்குறிப்பில் கமலா டீச்சர் கையெழுத்து (பள்ளியில் அவர்தான் எனக்கு வழிகாட்டி). எலுமிச்சம்பழம் 2. புடவைக்கு சேஃப்டி பின்.

பி.எட். பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தை அதே எட்டாம் வகுப்புக்கு இன்றே ஒருமுறை நடத்தியாயிற்று. லிட்மஸ் தாள் நீலத்தில் இரண்டே இருந்தது, நாளைக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். இன்று வாய்ப்பேச்சு மட்டும். முதல் பெஞ்சு சுகந்தி படிப்பில் கெட்டி. ஒரு தடவை சொன்னால் போதும்.

19, செவ்வாய்

பேராசிரியர் கமலா டீச்சரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அமிலம் லிட்மஸ் தாளை என்ன செய்யும்?" என்று கேட்டுக்கொண்டே நீலத் தாளை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில், "சிவப்ப நீலமாக்கும் மிஸ்." என் கையில் நீலத் தாள் சிவந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. நேற்று பதற்றத்தில் மாற்றிச் சொல்லிக் கொடுத்தது நானேதான்.

பேராசிரியர் எழுதுவதை நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்தார். "யாரும்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். எழுந்தாள். "நாந்தான் சார் தப்பாப் படிச்சிட்டேன். இதுக என்னையக் கேட்டுட்டுச் சொல்லுதுக."

கமலா டீச்சர் பின்னாலிருந்து, "ஒனக்குக் கவனம் எங்கிட்டு இருக்கு? அப்படியே நில்லு."

பீரியட் முடியும்வரை நின்றாள். நீலம்தான் சிவப்பாகும் என்று திருத்திவிட்டு நான் பாடத்தைத் தொடர்ந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் பயம்.

பேராசிரியர் குறிப்பு: 'மாணவர் தவறைப் பொறுமையாகத் திருத்தினார். நன்று.' மூன்று முறை படித்தேன். சோறு இறங்கவில்லை.

20, புதன்

தூறல். குடை மறந்தாச்சு. பேராசிரியருக்கு போன் செய்யலாமா? மார்க்கைக் குறைத்துவிட்டால்? இரண்டு முறை நம்பரை எடுத்து, வைத்துவிட்டேன். கோழை.

வகுப்பிலாவது சொல்லிவிடுவோம் என்று போனேன். சரியானதை மறுபடி கரும்பலகையில் எழுதினேன். "முந்தாநாள் நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். சுகந்தி மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

சுகந்தி வாசல் பக்கம் பார்த்தாள். "மிஸ், மெதுவாப் பேசுங்க. கமலா டீச்சர் வராண்டாவுல நிக்கிறாங்க."

குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.