தம்பி வரும் வயது

14.11.2006, செவ்வாய் இரவு

பக்கத்து வீட்டு ஈராக்கியர் சலீம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு கதை எழுதுகிறார். இன்று எங்கள் வீட்டுக்கு வந்து புதுக்கதையை வாசித்துக் காட்டினார். பாக்தாத்தில் காணாமல் போன அவருடைய மகன், கதையில் வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்கிறான்.

யாழ்ப்பாணத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போன என் தம்பியையும் அப்படி ஒரு கதையில் கூட்டிவரச் சொன்னேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி, "உங்களுக்கென்ன விசரே?" என்றாள்.

சலீம் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, "எத்தனை வயதில் வரட்டும்?" என்று கேட்டார்.

பத்தொன்பது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் எழும்பி அறைக்குள் வந்துவிட்டேன்.

அந்த வயதில் அவன் வந்தால், கதவைத் திறக்கும் இந்த நரைத்த மனிதனிடம், "அண்ணை நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பான்.