பாட்டை யார் ஆரம்பிப்பது?

என் அன்பான சாமுவேலின் அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்த வரைக்கும் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு? இப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இதை நம் சபைப் பத்திரிகையில் போடுவார்களாம். நாலு பேர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

சாயங்கால ஜெபத்துக்கு நீங்கள் போட்டுவைத்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் மறக்காது. பாட்டை நீங்கள் ஆரம்பிப்பீர்கள். வேதம் வாசிப்பது நம் மகன் சாமுவேல். அப்புறம் என் ஜெபம். கடைசியில் மருமகள் மல்லிகா கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல, எல்லோரும் ஆமென் போட்டு, ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்திருப்போம். "ஆண்டவரு ஒழுங்கை விரும்புறவரு. கட்டிங் முடியாம தையலுக்குப் போக முடியுமா?" என்பீர்கள். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் வாயில் வேறென்ன வரும்!

நான் கிண்டல் செய்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசைதான் நம்மைச் சேர்த்து வைத்திருந்தது. சண்டை போட்ட நாளிலும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும், எவ்வளவு நேரந்தான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது? அவிநாசிக் கோயில் தேர் பார்த்து வளர்ந்த பெண்ணை, பனியன் கம்பெனியில் பார்த்துப் பிடித்துப்போய், சாமுவேல் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரே ஒரு மாதிரியாகப் பார்த்தது. நீங்கள் அவளுக்கும் வரிசையில் ஒரு இடம் கொடுத்தீர்கள்.

ஆனால் நீங்கள் போன பிறகு பாட்டை யார் ஆரம்பிப்பது? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்களே.

உங்கள் அடக்கம் முடிந்து, உறவெல்லாம் ஊர் திரும்பியதும் பாயில் உட்கார்ந்தோம். இனி மகன்தானே தலைவன் என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பாயைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு போடட்டுங்களா அத்தை?" என்றாள் மல்லிகா. மறுநாளும் அதே கதை. போகப் போக உட்காருவதே நின்றுவிட்டது. பிள்ளைக்கு விசுவாசம் போய்விட்டது என்று நான் உள்ளுக்குள் வெந்தேன். போன மாதம் வேலம்பாளையத்தில் வீடு பார்த்துவிட்டு வந்து, "நாங்க தனியாப் போறமுங்கம்மா" என்றான். ஏன் என்று கேட்காமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன வாரம் ஒரு நாள் கம்பெனியைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்கள் இருவரும் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா திடீரென்று கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணை மூடி, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பழக்கத்தில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆமென் சொல்லி, ஸ்தோத்திரமும் சொல்லி, சாப்பிட எழுந்தும்விட்டோம்!

"ஏங் கண்ணு, பாட்டில்லாம, வசனமில்லாம, கடைசியில சொல்றத மொதல்ல சொல்லிட்டே?" என்றேன்.

"மாமா எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணு தானுங்க அத்தை. நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிக்கற மாதிரி தெரியலீங்க."

சாமுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இருக்கையில நான் எப்படீங்கம்மா பாட்ட ஆரம்பிக்கறது? பெரியவங்க நீங்கதானுங்களே. மல்லிகாகூட உக்காந்து ஜெபம் பண்ண உங்களுக்கு மனசில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். அதனாலதானுங்க வேற ஊடு பார்த்தேன்."

"அட சாமி! நீ ஆரம்பிப்பீன்னு தானே நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அப்புறம் அவனும் நானும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டை ஆரம்பித்தோம். நீங்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பீர்கள்.

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. முதலில் மல்லிகா, அப்புறம்தான் பாட்டும் வேதமும். இது ஒழுங்கா, ஒழுங்கீனமா, சொல்லுங்கள். வரிசையைக் காப்பாற்றப் போய் அம்மாவும் மகனும் ஜெபத்தையே நிறுத்தினோம். தலைகீழாகத் தொடங்கியவள் அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். அப்படியானால் உங்கள் வரிசை வீணா? நீங்கள் அவளுக்கு அந்த இடத்தைக் கொடுக்காமல் இருந்தால் அன்றைக்கு அவள் எதைச் சொல்லியிருப்பாள்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. போதகரைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாத்திர மூட்டை இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அவர்கள் அவிழ்க்கவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. அவர்கள் பேசட்டும் என்று நான் இருக்கிறேன். நான் பேசட்டும் என்று அவர்கள் இருக்கிறார்களோ என்னவோ?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் ஆமென் சொன்னதும், யார் முறை என்று பார்த்துக்கொண்டிருக்காமல், "போகாதீங்க கண்ணு" என்று நானே ஆரம்பிப்பேன்.

இப்படிக்கு,
மல்லிகாவுக்கு அத்தை,
சாமுவேலுக்கு அம்மா,
என்றைக்கும் உங்கள் மனைவி.