கேப்டன் படகில் ஏறவில்லை

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சனிக்கிழமை படம் முடிந்து டாக்சிக்காக நின்றபோது, "உனக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டீர்கள். "பிடிச்சுதுப்பா" என்றேன். பிடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. முன்வரிசைக்காரர் மூன்று முறை திரும்பி முறைத்ததையும் சொல்லவில்லை. திரையில் நடப்பதையெல்லாம் நான் உங்கள் காதில் சொல்லிக்கொண்டே வந்தது அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கும். பதினான்கு வயதில் 'தொலைவெளி' விண்வெளித் தொடரின் முதல் படத்தை இடமில்லாமல் நின்றுகொண்டே பார்த்தவர் நீங்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தெட்டு வருடம், எட்டுப் படம், ஒன்றையும் முதல் வாரம் தாண்ட விட்டதில்லை. கண் இப்படி ஆன பிறகு வந்த முதல் படம் இந்த ஒன்பதாவதுதான்.

எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் கேப்டனின் முகம். நடித்தவருக்கு வயதாகிவிட்டது. அதை மறைக்க ஏதேதோ செய்து வழவழவென்று ஆக்கிவைத்திருந்தார்கள். நீங்கள் குரலை மட்டும் கேட்டுவிட்டு, "ஆள் அப்படியே இருக்கான்" என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன்.

வேலை எப்போதும் போலத்தான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காத தாள், அதில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று முழுவதும் ஒரு காய்ச்சல் மருந்து. மேசைக்கு மேலே குழல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. இதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கும் மின்சாரம் மாமா வந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். மாமாவுக்கு என் வணக்கம்.

ஜூலை நாலாம் தேதி உங்கள் கண் ஆபரேஷனுக்கு விடுமுறை சொல்லிவிட்டேன். முந்தின நாளே வந்துவிடுவேன். சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன்.

மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
மகள்


ஜூன் 14

என் மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல மின்சாரம் எழுதுகிறான். துறைமுகத்தில் முப்பது வருடம் நான் மேலே கிரேன் கேபினில், அவன் கீழே ஒயரோடு. நான் சொல்வதை அவன் ஒரே தடவையில் கேட்டதே இல்லை. (இது அநியாயம் – மின்சாரம்.)

நேரில் சொல்வதாக எழுதியிருக்கிறாய். நேரில் வேண்டாம். எழுது. ஏன் என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை நம் 'தொலைவெளி' ரசிகர் கூட்டம், பேக்கரிக்காரர் மாடியில். பதினொரு பேர். எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தார்கள். "கேப்டனுக்கு இப்படி ஒரு முடிவா" என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார். "என்னய்யா முடிவு? படகுல ஏறிப் போயிட்டாரே, அடுத்த படத்துல வருவார்" என்றேன். பல் டாக்டர் சிரித்தான். "அண்ணே, நீங்க எந்தத் தியேட்டர்ல பார்த்தீங்க? எங்களையும் அங்க கூட்டிட்டுப் போங்க."

நான் விடுகிற ஆளா? என் மகள் பார்த்துச் சொன்னாள், மருந்துத் தாளில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாதவள் என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டேன். கடைசியில் பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "விடுங்க. பொண்ணு உங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கும்" என்றார். பல் டாக்டர் சிரித்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

அன்று தியேட்டரில் சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஏன் என்று கேட்டேன். "ஏசி குளிர்ப்பா" என்றாய்.

கேப்டன் படகில் ஏறினாரா, இல்லையா? ஒரு வரி போதும். போன் செய்யாதே. போனில் உன் குரல் என்னைச் சமாதானப்படுத்திவிடும். தாளில் இருந்தால் வேறொருவன் வாசிக்கலாம்.

அப்பா


ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏறவில்லை.

கப்பலில் இருந்த நான்கு பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டு, கதவை வெளியிலிருந்து அவரே சாத்தினார். உள்ளிருந்து மூட முடியாத கதவு அது. படகு போய்விட்டது. அவர் திரும்பி நடந்துபோய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கப்பல் எரிந்தது. நான்கு நிமிடம், வசனமே இல்லை, இசை மட்டும். அந்த நான்கு நிமிடமும் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "என்ன நடக்குது, என்ன நடக்குது" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். "படகுல ஏறிட்டார்ப்பா" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசிக் காட்சியில் யாராவது அவரைப் பற்றிப் பேசிவிடுவார்களோ என்று பயந்து, படிக்கட்டில் கூட்டமாகிவிடும் என்று சொல்லி உங்களை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

உங்கள் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்றால் அதுவும் பாதிப் பொய். அவர் எரிவதை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தாளில் இருப்பது இதைவிடப் பெரிது.

மின்சாரம் மாமா, இதையும் அப்படியே வாசியுங்கள். குரலைத் தணிக்க வேண்டாம். ஒரு சொல்லையும் விட வேண்டாம். நீங்கள் விட்டுவிட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை, அப்பாவுக்கும் தெரியாது. அந்த இடத்தில்தான் இத்தனை நாளாக நான் இருந்தேன்.

அப்பா, மார்ச் மாதம் கண் டாக்டர் கொடுத்த கடிதத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு வாசித்தேன். "நல்ல வாய்ப்பு இருக்கிறது" என்று வாசித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் பார்வை ஓரளவு திரும்பும் என்று இருந்தது. பலிக்காவிட்டால், இடது கண்ணில் இப்போது தெரிகிற வெளிச்சமும் போய்விடக்கூடும் என்று இருந்தது. நீங்கள் அன்று மாலையே தேதி குறிக்கச் சொல்லிவிட்டீர்கள்.

கடிதம் நீலக் கோப்பில் மூன்றாவது தாள். மாமாவை வாசிக்கச் சொல்லுங்கள். நாலாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நேரம் இருக்கிறது.

மகள்


ஜூன் 23

மகளுக்கு,

மின்சாரம் முதல் தாளை வாசித்துவிட்டு, "இப்படிக்கு மகள்" என்று முடித்துவிட்டான். நீ 'இப்படிக்கு' போடுகிற பழக்கம் இல்லையே என்று கையை நீட்டித் தடவினேன். இரண்டு தாள். "இன்னொண்ணு என்னடா?" "வெறும் தாளு." நாற்பது வருடச் சிநேகிதன். மத்தியானம் வரை அவனோடு பேசவில்லை. பிறகு வாசித்தான். பாதியில் அவன்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். (உண்மை – மி.)

ஆளாளுக்கு எனக்கு நல்லது செய்கிறீர்கள்.

உன் மருந்துத் தாளில் 'கண் போகலாம்' என்று இருந்தால், 'கண் களைக்கலாம்' என்று மாற்றுவாயா? மாட்டாய். முகம் தெரியாதவனுக்கு உள்ளதை உள்ளபடி. பெற்றவனுக்கு மட்டும் பூசி மெழுகல்.

சனிக்கிழமை மின்சாரத்தோடு மறுபடி படத்துக்குப் போனேன். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். "கதவச் சாத்துறான். வெளிய நிக்கிறான். உள்ள அந்தப் பொண்ணு கண்ணாடிய அடிக்குது." யாரோ உஷ் என்றார்கள். "நீ உஷ்ஷு" என்றான். "உக்காந்துட்டான். பெல்ட்டு போடுறான். எரியுதுடா." நான் அழுதேன். அறுபத்திரண்டு வயதில், சுற்றி யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல், வாய்விட்டு அழுதேன். யாரும் உஷ் என்று சொல்லவில்லை.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தை என்ன செய்திருந்தால் என்ன? கீழே ஆள் நிற்கும்போது கேபினை விட்டு இறங்கக் கூடாது, அது எனக்குத் தெரியும். அவன் இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வருடம் சரியான ஆளின் பின்னால்தான் போயிருக்கிறேன்.

அவன் செத்த அன்றைக்கு நான் டாக்சியில் அந்தப் படத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறேன். செய்தாலும் செய்யாவிட்டாலும், நீ வர வேண்டாம்.

அப்பா


ஜூன் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வந்து வெளியே நின்றுகொள்கிறேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

எனக்கு ஏழு வயதில் ஆறாவது படம் பார்த்தோம். அந்தச் சின்ன ரோபோ நசுங்குகிற இடத்தில் பக்கத்து இருக்கைகளில் இருந்த அப்பாக்கள் எல்லாரும் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். நீங்கள் பொத்தவில்லை. "பாரு. பரவாயில்ல, பாரு" என்றீர்கள். இதை எனக்குப் பரிந்து எழுதவில்லை. உங்களுக்குப் பரிந்துதான்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பத்தில் மூன்று என்பது உங்கள் வயதுக்கும், இத்தனை வருடச் சர்க்கரைக்கும் சேர்த்துத்தானா? வெளிச்சம் போவதென்றால் உடனே போகுமா, மெல்லப் போகுமா? மார்ச்சில் நானே கேட்டிருக்க வேண்டியவை. பதில் எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மன்னிப்பு கேட்டு இதில் எழுதவில்லை. எழுதினால் அதை மாமா குரலில்தான் கேட்பீர்கள்.

மகள்


ஜூலை 12

மகளுக்கு,

நாலாம் தேதி ஆபரேஷன் நடந்தது.

உன் இரண்டு கேள்வியையும் நானே கேட்டேன். என் வயதுக்கும் சர்க்கரைக்கும் பத்தில் இரண்டு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார். மறுநாள் கையெழுத்து போடும் இடத்தில் மின்சாரம் என் விரலைக் கொண்டுபோய் வைத்தான். போட்டேன். நீ மார்ச்சில் வாசித்ததை நம்பிப் போட்ட கையெழுத்து இல்லை அது. இதை நீ நம்ப வேண்டும்.

கட்டைப் பிரித்து ஒரு வாரம் பார்த்தார்கள். நேற்று டாக்டர் எதையோ சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். "நேராச் சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

பலிக்கவில்லை. இடது கண்ணிலும் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. விடிந்துவிட்டதா என்று மின்சாரத்தைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் இனி அவன் வீட்டில் இருக்கும். அவனே வாசிப்பான். நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதென்றால் வா. வாசிக்க எதுவும் இல்லை.

அப்பா