அப்பாவுக்குப் பாதி

பாப்பாவின் அப்பாவுக்கு,

கணபதியிலுள்ள உங்கள் அம்மா வீட்டிலேயே இருங்கள். கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை.

நேற்று எங்கள் ஆர்.சி. கோயிலில் பாப்பாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கையில் வாங்கிய நற்கருணையில் பாதியைப் பிட்டு, பெஞ்சில் இருந்த உங்களிடம் நீட்டினாள். எங்கள் நற்கருணையை வாங்கக் கூடாத சி.எஸ்.ஐ.காரரான நீங்களும் கை நீட்டினீர்கள். தட்டிவிட்டேன். கீழே விழுந்ததை மண்டியிட்டு எடுத்து நானே உட்கொண்டேன்.

"நினைவுக்குச் சாப்பிடுற அப்பந்தானே அம்மணி, அதுக்கா இத்தனை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது அப்பமில்லைங்க, ஆண்டவர். இன்னொரு முறை நீட்டினாலும் தட்டித்தான் விடுவேன்.

இன்று காலையில் பாப்பா தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கண்ணு?"

"இதுல அப்பாவுக்குப் பாதி குடுக்கலாமுங்களாம்மா?"

அந்தப் பாதிதான் இந்த டிபன் பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, பாக்ஸை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்.

பாப்பாவின் அம்மா