நம்மாளு பாடாமல் விட்ட வரி

மார்ச் 4, புதன்

கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. எனக்கும் அக்காவுக்கும். கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடியின் காலை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பார்த்த சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கண்ணாடி இரண்டாகியிருக்கும். மேடைக்கு நேர் எதிரே, பதினோராவது வரிசை. நம்மாளு முகத்தில் வியர்வை தெரியும் தூரம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சின்னப் பெண் மாதிரி காலை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அந்தப் பாடகர் எங்களுக்கு 'நம்மாளு'தான். அவருக்குக் கல்யாணம் என்று பத்திரிகையில் வந்த அன்று அக்கா சாப்பிடவே இல்லை. அவளுடைய கல்யாணத்தன்று நன்றாகச் சாப்பிட்டாள். அத்தான் இறந்த பிறகு என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் என்ற வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரோடு மூன்றாவதாக அவர் குரல்தான் இருக்கிறது.

கச்சேரி என்றைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். திரும்பி வந்ததும், "என்னிக்குக் கச்சேரி? நீயே சொல்லு பாப்போம்," என்றாள். எப்போதும் இந்த விளையாட்டுதான். என்னை இன்னும் பரீட்சை எழுத வைக்கிறாள்.

மார்ச் 7, சனி

தம்பி வந்தான். பெரியக்காவை டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். போன வாரம் அவன் வீட்டில் குளியலறை எங்கே என்று கேட்டாளாம். அவன் அந்த வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து அவள் போய்வருகிறாள். அதனால் என்ன? எல்லா வீட்டுக் கதவும் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

எங்கள் குளியலறை டம்ளரில் புதுப் பல் துலக்கும் பிரஷ்கள் கொத்தாக நிற்பதை அவனிடம் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கிவருகிறாள்.

அவன் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, நம்மாளின் முதல் கேசட்டில் இரண்டாம் பக்கத்தைப் பாடச் சொன்னேன். வரிசை மாறாமல், ஒரு சொல் பிசகாமல் பாடினாள். இவளுக்கா மறதி என்று அவனைக் கேட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "உனக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு, சின்னக்கா. பாட்டை ஏன் நடுவுல இழுக்கற?"

பெரிய மனுஷன். அவன் மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவை வேண்டுமென்றே திருப்பித் தரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கடையில் ஓர் அம்மாள் பார்வைப் பரிசோதனைக்கு வந்தார். எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று படித்தார், கடைசிப் பொடி வரியைக்கூட. எனக்குச் சந்தேகம் வந்து பலகையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினேன். முதல் பெரிய எழுத்தே தெரியவில்லை. முன்னால் இருந்தவர் படிக்கும்போது கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று பயமாம்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அந்த அம்மாள் முகமே கண் முன்னால் நின்றது. ஏன் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நாளைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சந்தோஷத்தில் கேட்கிறாள். சந்தோஷம்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கை ஓடவில்லை. எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

அவர் கச்சேரிக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் தெரியும். கடைசிப் பாட்டில், ஒரே ஒரு வரிக்கு, மைக்கை எங்கள் பக்கம் நீட்டுவார். அந்த வரி எங்களுடையது. வேறு எந்தப் பாட்டிலும் நீட்டியதில்லை. மற்ற பாட்டுகளில் கூடவே கத்தினால், கையமர்த்திச் சிரிப்பார்.

நேற்று நான்காவது பாட்டாக, நானும் அக்காவும் 'ஜன்னல் பாட்டு' என்று சொல்லும் பாட்டைப் பாடினார். முதல் சரணம் முடிந்தது. புல்லாங்குழல் முடிந்தது. இரண்டாம் சரணம் தொடங்க வேண்டிய இடத்தில், சிரித்துக்கொண்டே மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்.

அரங்கம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் இடிந்து விழுந்தது போலப் பாடியது. நானும்தான். தொண்டை கிழிந்தது. பக்கத்து இருக்கைக்காரி முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். யாருக்கும் கொடுக்காததை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்! அக்காவும் என்னைப் போலத்தான் இருப்பாள் என்று திரும்பினேன்.

அவள் பாடவில்லை. எல்லோரும் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அவருக்கு மறந்துபோச்சுடி, வாலு."

சும்மா இரு, நமக்காகத்தான் நீட்டினார் என்றேன்.

"இல்லடி. அந்தச் சிரிப்பைப் பாரு. நானும் அப்படித்தானே பண்றேன். மறந்ததும் சிரிச்சுட்டு, உன்னையே சொல்ல வெச்சுடறேன்ல."

மேடை ஓரத்துப் பெரிய திரையைப் பார்த்தேன். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கண்கள் முன்வரிசை ஆட்களின் உதடுகள் மேல் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரியை அவர்கள் வாயிலிருந்து பிடித்துக்கொண்டுதான் திரும்பவும் பாட ஆரம்பித்தார். கைதட்டல் ஓயவே இல்லை.

'நீயே சொல்லு பாப்போம்.' என்ன கிழமை, நீயே சொல்லு. நேத்து யாரு வந்தாங்க, நீயே சொல்லு. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சரியான பதிலாகச் சொல்லி ஜெயித்துக்கொண்டிருந்தேன். மடச்சி. எத்தனை பேருக்குப் பலகையைத் திருப்பிக் காட்டியிருக்கிறேன்!

எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் காதில் கேட்டேன். தம்பி வருவதற்கு ரொம்ப முன்னாடியே தெரியும் என்றாள்.

"நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லலை."

அதற்கு மேல் நம்மாளு என்னென்ன பாடினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைசிப் பாட்டில் வழக்கம்போல மைக்கை நீட்டினார். எனக்குக் குரல் வரவில்லை. அக்கா பாடினாள், தெளிவாக.

மார்ச் 16, திங்கள்

ரசிகர் குழுவில் அந்த வீடியோதான் ஓடுகிறது. பொன்னான தருணம், இனி ஒருத்தருக்கும் வாய்க்காது, கண்ணீர், பூ, இதயம். ஏதோ எழுத ஆரம்பித்து அழித்தேன். திரும்ப எழுதி அழித்தேன். என்னவென்று சொல்வது? யாரிடம்? அவருக்கு மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கடையில் கண்ணாடி மாட்டிவிடுகிறவள். மேடையில் ஒரு மனிதர் வழி தெரியாமல் நின்றார், நாங்கள் கைதட்டினோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

தம்பிக்குப் போன் செய்து, பெரியக்காவை டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றேன். 'அன்னிக்கே சொன்னேன்' என்று அவன் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டர் மூன்று சொற்களைச் சொன்னார். வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அக்கா அழகாகச் சிரித்து, "நீங்களே சொல்லுங்க பாப்போம்," என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. என் நாக்கு நுனியில் மூன்றும் நின்றன. தம்பி என் கையை அழுத்தினான்.

மாத்திரை வேகத்தைக் குறைக்குமாம். நிறுத்தாதாம். பாட்டும் போய்விடுமா என்று கேட்டேன். பாட்டு சில பேருக்குக் கடைசிவரை இருக்கும் என்றார். வெளியே வந்ததும் தம்பி, பாட்டு இருக்கும்னு சொல்லிட்டாரே என்று என்னைத் தேற்றினான். 'சில பேருக்கு' என்பது அவன் காதில் விழவில்லை.

மே 11, திங்கள்

நம்மாளு இனி மேடை ஏற மாட்டாராம். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று அறிக்கை. குழுவில் எல்லோரும் அவர் தொண்டைக்காக வேண்டிக்கொள்கிறார்கள். தேனும் வெந்நீரும் குடிக்கச் சொல்லி ஒருத்தி அறிவுரை எழுதியிருக்கிறாள்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இன்று அவளுக்கு நல்ல நாள்.

"தொண்டைன்னே இருக்கட்டும்டி. நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஜூலை 5, ஞாயிறு

ஜன்னல் பாட்டில் அதே இடத்தில் நின்றாள். சிரித்தாள். நான் எடுத்துப் பாடினேன். என் உதட்டைப் பார்த்துப் பார்த்து மீதியைப் பாடி முடித்தாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

டம்ளரில் பிரஷ் வைக்க இடமில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை. இன்னொரு டம்ளர் வைத்தேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

மத்தியானம் சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குக் கத்தி கொடுப்பதில்லை, வெந்த கிழங்கைக் கையால் உரிக்கக் கொடுக்கிறேன். ரேடியோவில் ஜன்னல் பாட்டு வந்தது. அக்காவின் கை நின்றது. சேர்ந்து பாடப்போகிறாள் என்று காத்திருந்தேன். இரண்டாம் சரணம் வந்தது. நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். உஸ் என்று விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினாள்.

பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் முகமெல்லாம் மலர, யார் பாடுவது என்று கேட்டாள்.

பேரைச் சொன்னேன். நம்மாளு என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்ன குரல்டி! இந்தாளு கச்சேரிக்கு ஒரு தடவையாவது போகணும், வாலு. நீயும் வரியா?"

"வரேன்க்கா. முன்னாடியே டிக்கெட் வாங்கிடறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தபடி காலை ஆட்டினாள்.