நாலு விரல் கூடுதல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? துணிக்கடை ஷட்டரை இப்போது நீங்களே இழுக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். வியாபாரத்தை விட்டுவிட்டுக் கதையும் பாட்டும் எழுத வந்தவன் இதைக் கேட்கக் கூடாதுதான்.

நேற்று ஒரு பாட்டு கொடுத்தேன். மெட்டுக்கு மேல் இரண்டு சொல் நீண்டுவிட்டது. என் பழைய தொழில் தெரிந்த இசையமைப்பாளர், "இது என்ன துணியா, நாலு விரல் கூட விட்டு வெட்ட?" என்று சிரித்தார். கேட்ட அளவுக்கு மேல் விட்டு வெட்டுவது உங்களிடமிருந்து வந்த பழக்கம், போக மாட்டேன் என்கிறது.

பத்திரிகைக்கு அனுப்பிய கதையிலும் அதே தவறு. ஊரை விட்டுப் போகும் மகனை வழியனுப்ப அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வருவதாக முடித்திருந்தேன். "மத்ததெல்லாம் சரி, இது மட்டும் நம்பற மாதிரி இல்லையே" என்றார் ஆசிரியர். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

உங்கள் மேல் குறை இல்லை அப்பா. நீங்கள் கடை திறக்கும் நேரமாகப் பார்த்து பஸ் ஏறியவன் நான்தான்.

என் கம்பளிச் சட்டையை அம்மாவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாட்டைத் திருத்தக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஞாயிறு கடை லீவுதானே? அன்று காலை ஏழு மணிக்கு வந்து இறங்குவேன். தூக்குவதற்குப் பெட்டி எதுவும் இருக்காது. சும்மா பஸ் ஸ்டாண்டு வரை வாருங்கள்.

உங்கள் மகன்